சாப்பிடும்போது பார்க்கக் கூடாது

எங்கள் ஊட்டச்சத்துத் துறையின் செய்திமடல் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். பதினாறு பக்கம், வழுவழுப்பான தாள், முதல் பக்கத்தில் துணைவேந்தர் படம். உள்ளே 'துறைச் செய்திகளும் சாதனைகளும்' என்று நான்கு பக்கம். பத்தொன்பது வருஷமாக அதைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் அச்சகத்துக்கு நடையாய் நடக்கிறவன் நான். பெயர் நாறும்பூநாதன், அலுவலக உதவியாளர். சாதிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சாதனைகளுக்கு ஒற்றெழுத்துப் போடுவது மட்டும்தான் என் வேலை.

இந்த வருஷச் சாதனைகள் ஒன்றும் மோசமில்லை. மாணவிகள் செய்த கம்பு முறுக்கு மதுரையில் இரண்டாம் பரிசு வாங்கியது. புதிதாக ஒரு நுண்ணோக்கி வந்திறங்கியது. அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்தோம். துறைத் தலைவர் பிரிஸில்லா மேடத்தின் சத்துருண்டைக்குக் காப்புரிமை கிடைத்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்கு மேலே, இரண்டு வரி: "களப்பணி உதவியாளர் திருமதி ஜெபகனி இருபத்தேழு ஆண்டுச் சேவைக்குப் பின் பணி நிறைவு பெற்றார். துறை அவரை வாழ்த்துகிறது."

அந்த இரண்டு வரியிலும் ஒரு தப்பு இருக்கிறது. ஜெபகனி அக்கா திருமதி இல்லை, செல்வி. கல்யாணம் ஆகாமலே அறுபது வயது ஆனவரைச் செல்வி என்று போட மேடத்துக்குக் கூச்சமாக இருந்ததாம், திருமதி ஆக்கிவிட்டார். நானும் ஆட்சேபிக்கவில்லை. இந்தத் துறையில் நான் ஆட்சேபிக்காமல் விட்டவற்றைத் தொகுத்தால் அது ஒரு தனி மடலாக வரும். அதில் முதல் பக்கச் செய்தி எதுவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

ஜெபகனி அக்காவின் அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல்காரி. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் பஞ்சமில்லை, எது என்று சொல்லத் தேவையில்லை. சமையல்காரி மகளுக்கு அங்கேயே சாப்பாடு, படிப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீளமான பெஞ்சுகள். பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளின் தட்டில் வாரம் மூன்று நாள் முட்டை இருக்கும். இலவசப் பிள்ளைகளுக்கு ரசம், ஒரு கூட்டு. இரண்டு கூட்டமும் ஒரே பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். ஜெபம் சொல்லி முடித்ததும் வார்டன் அம்மா தினமும் ஒரு வாக்கியம் சொல்வார்களாம்.

"யாரும் அடுத்தவ தட்டப் பாக்கப்படாது, பிள்ளைகளா."

அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேர் மானம் காப்பாற்றப்பட்டது என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். முட்டை உள்ளவள் கூச்சப்படாமல் சாப்பிட்டாள், இல்லாதவள் அழாமல் சாப்பிட்டாள். அக்காவுக்கு அது உடம்பில் ஊறிவிட்டது. எங்கள் துறையில் மதியம் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். அவர் மட்டும் கொஞ்சம் திரும்பி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். யாராவது வாயில் கையை வைத்தால் அவர் பார்வை தானாக வேறு பக்கம் போகும். "என்னக்கா, எங்க மூஞ்சி அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்று நான் கேலி செய்வேன். "சாப்பிடுதவங்களப் பாத்தா கண்ணு பட்டுரும் தம்பி. ஒனக்குத்தான் ஏற்கனவே தொப்பையாச்சே, நா வேற பாக்கணுமா?" என்பார்.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பிடித்து, அடுத்தவர் வாயைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தோம்.

அது இரண்டாயிரத்துப் பதினேழு. முக்கூடலுக்கு இந்தப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு ஊர், இரண்டே தெரு. வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றினார்கள். நாற்பது பெண்களின் ரத்தத்தைச் சோதித்ததில் நாற்பது பேருக்கும் சோகை. பிரிஸில்லா மேடம் முருங்கைக் கீரைப் பொடி, எள், கேழ்வரகு, கருப்பட்டி எல்லாம் சேர்த்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு சத்துருண்டை செய்தார். ஞாயிறு நீங்கலாக ஆறு மாதம், ஆளுக்குத் தினம் ஒன்று. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் யார் தின்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே ஆய்வுக்கு ஒரு விதி போட்டார்: களப்பணியாளர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெண் உருண்டையை மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, அதன்பின் அட்டையில் சரி போட வேண்டும். நல்ல விதிதான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம்.

அக்கா சமாதானபுரத்தில் தம்பி வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் அந்த ஊரில் இருப்பார். முதல் வீடு இசக்கியம்மாவுடையது. முப்பது வயதுப் பெண். புருஷன் கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தான். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள், பொன்செல்வி. நாற்பது பேரிலும் ரத்தம் குறைவாக இருந்தவள் இசக்கியம்மாதான், ஏழு புள்ளி நாலு. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம் போல இருக்கும் என்பார் அக்கா.

முதல் நாள் உருண்டையைக் கையில் வாங்கிய இசக்கியம்மா அப்படியே வைத்துக்கொண்டு இருந்தாளாம். மடியில் பீடி இலையும் புகையிலையும் பரப்பிய சொளவு, விரலெல்லாம் புகையிலைத் தூள். கையைக் கழுவிவிட்டு வந்தும் சாப்பிடவில்லை.

"யக்கா, இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி எறங்கும்?"

அக்காவுக்குக் கூசிப்போய்விட்டது. எதிர்ச் சுவரில் அரிசி ஆலைக்காரர்கள் கொடுத்த ஒரு காலண்டர் தொங்கியது. முகத்தைத் திருப்பி அதைப் பார்த்தார். தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் வாசித்து முடித்துத் திரும்பினால் கையில் உருண்டை இல்லை. சரி போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் காலண்டர்தான். மற்ற வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணான அக்கா, ஆறு மாதத்தில் அந்த வருஷத்து நல்லநேரம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன் என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் என்ன சொல்கிறார் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், காலண்டரிலிருந்து அவர் கண் கொஞ்சம் முந்தித் திரும்பிவிட்டது. கதவுக்குப் பின்னால் பொன்செல்வி பள்ளிக்கூடச் சீருடையில் நின்றிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் இரண்டு எள். இசக்கியம்மா வெறும் வாயை மென்றுகொண்டிருந்தாள்.

அக்கா மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்துச் சரி போட்டார்.

ஏன் போட்டார் என்று நான் பின்னால் கேட்டிருக்கிறேன். "நா எழுதுனா அவ பேர எடுத்துருவாக, தம்பி. பேர எடுத்தா உருண்டை நின்னுரும். அவளுக்கும் இல்ல, பிள்ளைக்கும் இல்ல. ஒரு பிள்ளை வயித்துக்காவது போகுதேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அது மட்டும் இல்ல. ஒங்க தட்டப் பாத்துட்டேன்னு ஒருத்திட்ட எப்படிச் சொல்லுதது?" என்றார். இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆறு மாதம் முடிந்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முப்பத்தொன்பது பேருக்கு ஏறியிருந்தது. சிலருக்கு நன்றாகவே ஏறியிருந்தது. அந்த உருண்டை பொய்யில்லை, அதையும் சொல்ல வேண்டும். இசக்கியம்மாவுக்கு மட்டும் ஏழு புள்ளி இரண்டு. அறிக்கையில் அவளை 'பலன் காணாதவர்: ஒருவர்' என்று ஒரு அடிக்குறிப்பில் வைத்தார்கள். ஆய்வில் கலந்துகொண்டதற்கு நினைவாக ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய அட்டையையே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்கள். அது என்னுடைய யோசனை. அழகாக இருக்கும் என்று சொன்னேன். இசக்கியம்மா அட்டையில் ஒரு நாள் விடாமல் சரி, அடியில் துறை முத்திரை.

அடுத்த வருஷம் இசக்கியம்மா உண்டானாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பல்கலைக்கழகம் கொடுத்தது, முத்திரை போட்டது, வீட்டில் அப்படி ஒரு காகிதம் இருந்தால் யார்தான் கொண்டுபோக மாட்டார்கள்? டாக்டர் புதியவர், சின்ன வயசு. அட்டையைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஆறு மாதம் தினமும் இரும்புச்சத்து உள்ளே போயும் ரத்தம் ஏறவில்லை என்றால் இது சத்துக் குறைவில்லை, வேறு ஏதோ ரத்தக் கோளாறு. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் இரும்புச்சத்து ஊசி போட வேண்டும் என்று முடிவு செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். படித்தவர் யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். அட்டையை நம்பியது அவர் குற்றமா?

சோதனைக்கு ஒரு தேதி கொடுத்தார்கள், பீடி ஒப்படைக்கிற நாள் என்று இசக்கியம்மா போகவில்லை. இரண்டாவது தேதிக்குப் போனாள். முடிவு வருவதற்குள் எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. போவதற்கு அவள் உடம்பில் ரத்தமே அதிகம் இல்லை. குழந்தை இரண்டு நாள் இருந்தது.

துக்கத்துக்குப் போன இடத்தில்தான் ஜெபகனி அக்காவுக்கு அட்டையின் கதை தெரிந்தது. அண்டை வீட்டுக்காரி ஒருத்தி, "ஒங்க உருண்டை தின்னும் தேறலயே, என்ன எழவு சீக்கோ!" என்று சொல்லி அழுதிருக்கிறாள். கூடவே டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

மறுநாள் காலை அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். அந்த வருஷ மடலின் கடைசித் திருத்தம் என் முன்னால் விரிந்து கிடந்தது. அதில் முதல் சாதனை: சத்துருண்டை ஆய்வுக்குத் தேசிய விருது. அதற்குக் கீழே, "தொண்ணூற்றெட்டு சதவீத உருண்டைகள் களப்பணியாளரின் கண்முன்னே உட்கொள்ளப்பட்டது உறுதி செய்யப்பட்டது."

அக்கா அந்த வரியில் விரலை வைத்தார்.

"நாறும்பூ, இத எடுத்துரு."

"என்னக்கா?"

"நா பாக்கல. ஒரு நாள் கூட ஒழுங்காப் பாக்கல. இசக்கி திங்கல, பிள்ளைக்குக் குடுத்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சரி போட்டேன். எம் பேரப் போட்டே எழுது. அடுத்து எந்த டாக்டர் கைக்காவது அந்த அட்டை போச்சுன்னா அவருக்குத் தெரியணும்லா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். மேடம் விருது வாங்க மறுவாரம் விமானம் ஏறுகிறார். என் பதவி உயர்வுக் கோப்பு மேடத்தின் மேஜையில் இருந்தது. "அச்சுக்குப் போயாச்சுக்கா" என்றேன். தாள் எனக்கும் அவருக்கும் நடுவில் கிடந்தது, சிவப்பு மை கூடக் காயவில்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மேடத்திடம் போனார். பிரிஸில்லா மேடம் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அக்காவோடு சேர்ந்து அழுதார் என்று கேள்வி. பிறகு, "முப்பத்தொன்பது பேருக்கு ஏறியிருக்கு ஜெபகனி. அது சாப்பிடாமலா ஏறும்? இப்ப இதைச் சொன்னா அவங்க சாப்பிட்டதும் பொய்னு ஆயிரும். நாளைக்கு இந்த உருண்டை ஒருத்திக்கும் கிடைக்காது" என்றாராம். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் துறையில் எல்லோரிடமும் ஒரு நியாயம் இருந்தது. இசக்கியம்மா மட்டும்தான் இல்லை.

மடல் அந்த வரியோடு வெளிவந்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

அதற்குப் பிறகு ஜெபகனி அக்கா மாறிப்போனார். டிபன் பாக்ஸைத் திறந்தால் சன்னலைப் பார்க்க மாட்டார். எதிரே உட்கார்ந்து, நாம் எடுத்து வைக்கிற ஒவ்வொரு வாயையும், அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பார்ப்பார். புதிதாக வந்த மாணவிகள் பயந்து வேறு இடம் தேடிப் போனார்கள். அடுத்தடுத்த ஆய்வுகளுக்காகப் பத்தமடைப் பக்கமும் மணிமுத்தாறு பக்கமும் போனபோது அந்த ஊர்ப் பெண்கள் அவருக்கு 'மொறைச்சுப் பாக்குத அக்கா' என்று பெயர் வைத்தார்கள். "அந்த அக்கா வேண்டாம், வேற ஆள அனுப்புங்க" என்று மேடத்துக்குப் போனே வந்தது. அவர் விடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அவருடைய அட்டைகளில் அதன் பிறகு நிறைய இடம் காலியாக இருந்தது. சரி இல்லாத இடமெல்லாம் உண்மை.

போன மே மாதம் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அந்த உருண்டையையே தட்டில் வைத்தார்கள், இப்போது தங்க நிறக் காகிதம் சுற்றி வருகிறது. அக்கா எடுக்கவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார். இரண்டு வரிக்கு ஏதாவது விவரம் சொல்வாராக்கும் என்று நினைத்துப் போனேன்.

"பொன்செல்வி வாரா" என்றார். இசக்கியம்மாவின் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அம்மா போன பிறகு அவளை விடுதியில் சேர்த்து, சட்டை துணி எடுத்துக் கொடுத்து, மாசம் தவறாமல் போய்ப் பார்த்துவந்தவர் அக்காதான். அவள் இப்போது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு ஞாயிறு இங்கே வந்து சாப்பிடுவாள். "அவகிட்ட இன்னும் அட்டை விஷயத்தச் சொல்லல. வேலையில இருக்கும்போது தைரியம் வரல. இன்னைக்குச் சொல்லணும். யாராவது கூட இல்லன்னா முழுங்கிருவேன். அதான் ஒன்ன வரச் சொன்னேன். நீதான அன்னைக்கு எழுத மாட்டேன்னவன். ஒக்காந்து கேளு."

கேட்கத்தான் வேண்டும். உட்கார்ந்தேன்.

பொன்செல்வி வந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண், கண்ணிமைக்குள் ரத்தம் ஓடுகிறது. எங்கள் துறை வளர்த்த ஒரே ஆள் அவள்தான் என்று அப்போது தோன்றியது. அக்கா சோறும் மீன்குழம்பும் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"பெரியம்ம, இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி எறங்கும்?" என்று சிரித்தாள் பொன்செல்வி. பிறகு என்னிடம், "முன்னாடி இவிய இப்படி இல்ல, மாமா. எங்க வீட்டுக்கு உருண்டை கொண்டு வருவாகல்லா, அப்ப காலண்டரத்தான் பாப்பாக. எங்கம்மை எனக்குத் தாரது இவியளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாக. எங்கம்மை சொல்லிக்கிட்டே இருப்பா, 'இந்த அக்கா மாதிரி தங்கமான மனுசி கெடையாது, பாத்தும் பாக்காம இருக்கா'ன்னு" என்றாள்.

அக்காவின் கை மடியில் சேலைத் தலைப்பைச் சுருட்டியது. இனிச் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். சொல்லவே கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

சொன்னார். சுற்றி வளைக்காமல், ஒன்றையும் விடாமல். சரி போட்டது, அட்டை, டாக்டர் அட்டையைப் படித்தது, ஊசி போடாமல் விட்டது. "நா அன்னைக்கு உள்ளதச் சொல்லிருந்தா ஊசி போட்டிருப்பாக, பொன்னு. ஒங்கம்மை பொழச்சிருப்பா. எந் தப்பு. வேற யார் தப்பும் இல்ல."

பொன்செல்வியின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவள் அக்காவின் மேல் கோபப்படுவாள், எழுந்து போவாள், தட்டைத் தள்ளுவாள் என்று காத்திருந்தேன். அக்காவும் அதற்குத்தான் காத்திருந்தார். ஏழு வருஷமாகக் காத்திருந்தார்.

அவள் தட்டைப் பார்த்தபடியே ரொம்பப் பையக் கேட்டாள்.

"அப்போ அம்மைக்கு உள்ளத நான்தான் தின்னுருக்கேன், இல்லையா பெரியம்ம?"

இந்தக் கேள்வியை ஜெபகனி அக்கா ஏழு வருஷத்தில் ஒரு நாளும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.